அருகருகே நிறுத்துதல்: ஒப்பீட்டின் அறம் பற்றிச் சில சிந்தனைகள்

ஒன்றை மற்றொன்றின் அருகே நிறுத்திப் பார்த்தல் மனித அறிவின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. நெடியது, குறியது என்னும் சொற்களே அருகில் வேறொன்று இருத்தலை வேண்டி நிற்பவை. தனித்து நிற்கும் மரத்தை நெடியது என்று கூறுவோமாயின், அவ்வாறு கூறும் நமது மனத்தில் வேறொரு மரம் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறது. செல்வம், வறுமை, உயர்வு, தாழ்வு என மனித வாழ்வைக் குறிக்க நாம் வழங்கும் சொற்கள் பலவும் இவ்வாறே ஒப்பீட்டிற் பிறந்தவை. ஆயின் மரத்தை மரத்தோடு ஒப்பிடும்போது எழாத வினாவொன்று மனிதரை மனிதரோடு ஒப்பிடும்போது எழுகின்றது. அவ்வாறு நிறுத்துவதற்கு நமக்குள்ள உரிமை யாது? எந்நிபந்தனைகளின்கீழ் அது நீதியாகும்? எப்போது அநீதியாகும்?

இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் போன்றதன்று. சமூக விஞ்ஞானங்களைப் பயிலும் மாணவர் எவரும் இன்று சலாகை வரைபு வரையக் கற்றுக்கொள்கின்றனர். முன்னர் வரைபுத்தாளும் அடிமட்டமும் கொண்டு பல மணிநேரம் வரைந்ததைக் கணினிக்கு இடும் ஒரு வரிக் கட்டளை நொடிப்பொழுதில் வரைந்து தருகின்றது. புள்ளிவிபரவியலாளர் பெரிதும் கையாளும் 'ஆர்' என்னும் கணினி மொழியில் சலாகை வரைபுக்கென ஒரு சார்பு உண்டு. பல குழுக்களின் தரவுகளை அட்டவணையாக அதனிடம் ஒப்படைத்து, வேறெதுவும் கூறாதுவிட்டால், அது சலாகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். அவை பக்கம் பக்கமாக நிற்க வேண்டுமாயின், 'அருகருகே' என்ற நிபந்தனைக்கு எதிரே 'உண்மை' என்று நாம் எழுதுதல் வேண்டும். எழுதியதும் அவை அணிவகுத்து நிற்கும். அச்சார்பு நம்மிடம் கேட்பது அவ்வளவே. இவை அருகருகே நிற்கத்தக்கனவா என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு கட்டளையிட்டவரிடமே எஞ்சி நிற்கின்றது. அப்பொறுப்பின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலாகையின் பிறப்பு

ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் 1786 ஆம் ஆண்டு வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில் சலாகை வரைபின் தொடக்கத்தைக் காண்பது வழக்கம். இங்கிலாந்தின் வணிகத்தை ஆண்டுதோறும் ஏறியிறங்கும் கோடுகளாக வரைந்து காட்டிய அவருக்கு, ஸ்கொத்லாந்தைப் பொறுத்தவரை ஓராண்டுக்குரிய தரவு மட்டுமே கிடைத்தது. காலத்தின் போக்கைக் காட்ட இயலாத நிலையில், 1780 நத்தார் முதல் 1781 நத்தார் வரை அந்நாடு பதினேழு இடங்களுடன் நடத்திய வணிகத்தை, இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக இவ்விரண்டு சலாகைகளாக அருகருகே வரைந்தார்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. காலத்தைக் காட்ட முடியாத குறைபாட்டிலிருந்தே சலாகை வரைபு தோன்றியது என்பது ஒன்று. இன்றும் அதன் இயல்பு அதுவே. ஒரு சலாகை தான் நிற்கும் உயரத்தைக் கூறுமேயன்றி, அவ்வுயரத்துக்கு வந்து சேர்ந்த வழியைக் கூறாது. பிளேபெயர் நிறுத்தியவை யாவும் ஒரே ஆண்டுக்குரிய, ஒரே நாணயத்திலான தொகைகள் என்பது மற்றையது. பவுணைப் பவுணோடு ஒப்பிடுவதில் அறச்சிக்கல் எதுவும் இல்லை. அதே வரைபு மக்கட் குழுக்களை நிறுத்தும் கருவியாக மாறியபோதே சிக்கல் தொடங்கிற்று.

மூன்று சலாகைகளும் ஓர் ஊரும்

நம் நாட்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமானச் செலவின ஆய்வு, மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுத்து முடிவுகளைத் தருகின்றது. 2016 ஆம் ஆண்டு ஆய்வின்படி வீட்டலகொன்றின் சராசரி மாத வருமானம் நகரத்துறையில் 88,692 ரூபா. கிராமத்துறையில் 58,137 ரூபா. தோட்டத்துறையில் 34,804 ரூபா. இவற்றை வரைந்தால் இறங்குபடிகள் போன்ற மூன்று சலாகைகள் கிடைக்கும். மலையக மாணவர் ஒருவருக்கு அக்கடைசிப் படியைக் காண்பது எளிதான அனுபவம் அன்று. எனினும் உணர்ச்சிவயப்படுமுன், அச்சலாகைகளுக்குள் யார் யார் அடங்குகின்றனர் என்று கேட்டல் வேண்டும்.

ஊவா மாகாணத்திலுள்ள எமது தெமோதரையையே எடுத்துக்கொள்வோம். பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், எல்லவுக்கும் ஹாலிஎலவுக்கும் இடையே அமைந்த இவ்வூரில் கடைவீதியும், கிராமத்து வயல்களும், தேயிலைத் தோட்டத்து லயங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. மூன்று வகை வாழ்வும் ஒரு கூப்பிடு தூரத்துள் அடங்கும். ஆயின் புள்ளிவிபரத்தில் நகரம் என்பது மாநகர சபைகளும் நகர சபைகளும் ஆளும் பகுதியையே குறிக்கும். பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகியன அத்தகுதி பெற்றவை. எனவே தெமோதரையின் கடைவீதி எத்துணைச் சந்தடி மிக்கதாயினும் அது 'கிராமம்'. கடை நடத்துபவரும் பள்ளத்தில் நெல் விதைப்பவரும் ஒரே சலாகையுள் அடங்குவர்.

தோட்டத்துறையின் வரைவிலக்கணமோ 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துப் பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டம் என்பதாகும். தோட்டத்தின் ஒரு துண்டு பிரிந்து இவ்வெல்லைக்குக் கீழே இறங்குமாயின், அதே லயத்தின் அதே அறையில் வாழும் குடும்பம் வரைவிலக்கணத்தின்படி கிராமத்தைச் சேர்ந்ததாகிவிடும். அதன் கூரையில் ஒரு தகரமும் மாறியிராது. மறுபுறம், கொழும்பில் கடைச் சிப்பந்தியாகத் தங்கிவிட்ட இளைஞன் வீட்டுக்கு அனுப்பும் பணம் தோட்டத்துச் சலாகையின் உயரத்தைச் சற்றே கூட்டுகிறது. அவன் அச்சலாகையில் இல்லை.

வீட்டலகு என்பதும் ஒரு வரைவிலக்கணமே. அது ஒரே அடுப்பின் கணக்கு. தோட்டத்தில் கணவனும் மனைவியும் இருவருமாக உழைத்து ஈட்டிய தொகையை, ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டின் வருமானத்துக்கு அருகே நிறுத்தும்போது, இரண்டாமவரின் உழைப்பு சலாகைக்குள் புதைந்துபோகின்றது. காலையில் மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் அடுப்பேற்றும் பெண்ணின் நாள் அவ்வரைபில் எங்குமில்லை. உயரங்கள் சமமாக நின்றாலுங்கூட, அவற்றின் பின்னாலுள்ள வாழ்வுகள் சமமாகா.

விடைகளை இணைத்தல், வினாக்களை இணைத்தல்

இதனினும் கடுமையான சிக்கல், வெவ்வேறு ஆய்வுகளின் வரைபுகளை ஒன்றாக இணைக்கும்போது எழுகின்றது. 2016 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவில், வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்வோர் நகரத்துறையில் 1.9 சதவீதம், கிராமத்துறையில் 4.3 சதவீதம், தோட்டத்துறையில் 8.8 சதவீதம் என வெளியிடப்பட்டது. 2019 ஆம் ஆண்டு ஆய்வின் முடிவில் அவை முறையே 6.0, 15.0, 33.8 சதவீதம். இவ்விரு தொகுதிகளையும் ஒரே அட்டவணையிலிட்டு அருகருகே நிறுத்துமாறு கணினியைப் பணித்தால், அது தயங்காது வரைந்து தரும். காண்பவர் என்ன முடிவுக்கு வருவார்? மூன்றே ஆண்டுகளில் தோட்டத்து வறுமை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று என்றே கருதுவார்.

உண்மை வேறு. 2016 இன் எண்கள் 2002 ஆம் ஆண்டை அடியாகக் கொண்டு வகுத்த கோட்டினால் அளக்கப்பட்டவை. ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா என்பது அப்போதைய கோடு. 2019 இன் எண்கள் 2012/13 ஆம் ஆண்டின் நுகர்வை அடியாகக் கொண்டு புதிதாக வகுத்த 6,966 ரூபாக் கோட்டினால் அளக்கப்பட்டவை. இடைக்கால விலையேற்றத்துடன், மனிதன் வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும் என்ற கணிப்பே திருத்தப்பட்டிருந்தது. முதலாவது எண் ஒரு வினாவுக்கு விடை. இரண்டாவது எண் வேறொரு வினாவுக்கு விடை.

தெமோதரைப் புகையிரதப் பாதையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகத் தன்னைத்தானே கடந்து செல்கின்றது. தட்டைத் தாளில் வரைந்த படத்தில் இரு தண்டவாளங்களும் ஒரு புள்ளியிற் சந்திப்பதாகத் தோன்றும். நிலத்திலோ ஒன்று மேலே, மற்றையது கீழே, அவை சந்திப்பதேயில்லை. 8.8 உம் 33.8 உம் அத்தகையவை. இரண்டு எண்களும் மெய். இரண்டு வரைபுகளும் தனித்தனியே மெய். இணைத்த வரைபு மட்டும் பொய். எந்தவொரு எண்ணையும் திரிக்காமலே பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நம்மை நேரடியாகத் தொடும் அறவினா ஒன்று எழுகின்றது. அத்தகைய வரைபு தோட்ட மக்களின் துயரைப் பெரிதாக்கிக் காட்டுமாயின், கூலி உயர்வுக்கும் காணியுரிமைக்கும் அது துணை செய்யுமாயின், அதனைப் பயன்படுத்தலாகாதா? வாய்மை பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரே பொய்க்கும் ஓர் இடம் தந்தார் என்று சிலர் வாதிடுவர். ஆனால் அவ்விடத்தை அவர் நிபந்தனையின்றித் தரவில்லை. குற்றமற்ற நன்மை விளைதல் வேண்டும் என்கிறார். இணைத்த வரைபு அந்நிபந்தனையை நிறைவேற்றாது. கோடு மாறிய செய்தியை எதிர்த்தரப்பினர் ஒருநாள் எடுத்துக்காட்டுவர். அன்று அவ்வரைபு மட்டுமன்றி, அதற்குப்பின் நாம் காட்டும் மெய்யான வரைபுகளும் நம்பிக்கையை இழந்துவிடும். அவ்விழப்பு வரைந்தவரைச் சேராது. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் தோட்டத்துக் குடும்பத்தையே சேரும். அதிகாரமும் பணமும் உள்ளோர் பொய்யான கணக்கினால் அடையும் நட்டத்தைத் தாங்குவர். தம் நிலை பற்றிய உண்மையன்றி வேறு வாதமில்லாதோர் அவ்வுண்மையையும் பணயம் வைக்க இயலாது.

இதே நியதி மறுதரப்புக்கும் பொருந்தும். புதிய கோடு வந்தபின்னரும் பழைய 8.8 ஐயே எடுத்துக்காட்டி, வறுமை ஏறத்தாழ ஒழிந்தது என ஒருவர் கூறுவாராயின், அவரும் அதே தவற்றையே செய்கின்றார். தேயிலைத் தொழில் பற்றிய விவாதங்களில் இலங்கைத் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்தின் நிறையைக் கென்யத் தொழிலாளியின் நிறைக்கு அருகே நிறுத்துவது வழக்கம். செடியின் வயது, மலையின் சரிவு, மீள்நடுகையில் இட்ட மூலதனம் ஆகியவற்றை விடுத்து, கையை மட்டும் கையோடு ஒப்பிடும் அவ்வரைபும் விடைகளை இணைத்து வினாக்களை மறைப்பதே.

உயரமும் அகலமும்

சலாகை வரைபில் நம் கண் உயரத்தையே பார்க்கின்றது. சலாகைகள் யாவும் ஒரே அகலமுடையன. ஆயின் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களுள் 77.4 சதவீதத்தினர் கிராமத்துறையினர், 18.2 சதவீதத்தினர் நகரத்துறையினர், 4.4 சதவீதத்தினரே தோட்டத்துறையினர். இவ்விகிதத்தை 2016 இன் வறுமை வீதத்தோடு சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், வறியோருள் கிராமத்தவர் தோட்டத்தவரைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்டவர் என்பது புலனாகும். ஒரே தரவிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன: வறுமையின் செறிவு தோட்டத்தில் மிகுதி, வறியோரின் தொகை கிராமத்தில் மிகுதி.

இவற்றுள் எதனை வரைவது? நாடு முழுவதற்குமான சராசரியை மட்டும் வரைந்தால், 4.1 என்ற அந்த ஒற்றை எண்ணுள் தோட்டத்தின் 8.8 கரைந்துபோகும். சிறுபான்மையோர் எப்போதும் சராசரிக்குள் மறைபவரே. துறைவாரியாகப் பிரித்து அருகருகே நிறுத்துதல் அவர்களைக் கண்ணுக்குப் புலப்படச் செய்கின்றது. அதேவேளை உயரத்தை மட்டும் காட்டி, பக்கத்து மலையடிவாரத்திலுள்ள வறிய சிங்கள விவசாயியின் இருப்பை மறைப்பதும் நீதியாகாது. உயரத்தை எமக்காக வாதாட அழைக்கும் நாம் அகலத்தையும் மறுக்காது கூறுதல் வேண்டும். தெமோதரையில் லயத்துக்காரரும் கிராமத்துக்காரரும் ஒரே சந்தையில் அரிசி வாங்குபவர்; அவர்களுள் ஒருவரின் பசியை மற்றவரின் பசியால் அழிக்கும் வரைபு இருவருக்கும் உதவாது.

எதில் ஒப்பிடுதல்?

சமமானோரைச் சமமாகவும், சமமல்லாதோரை அவ்வேறுபாட்டின் விகிதத்துக்கேற்பவும் நடத்துவதே பங்கீட்டு நீதி என்ற கருத்தினை அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலில் விளக்கினார். எதில் சமம் என்ற வினா அதனுள் அடங்கியிருந்தது. அவ்வினாவையே தலைப்பாகக் கொண்டு அமர்த்தியா சென் 1979 ஆம் ஆண்டு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். மனிதர் கையிலுள்ள பொருள்களை எண்ணுவதோடு நில்லாது, அவற்றைக் கொண்டு அவர் எதனைச் செய்யவும் எவ்வாறு வாழவும் வல்லவராகின்றார் என்பதை நோக்குதல் வேண்டும் என்பது அவர் வாதம்.

நமது தரவுகள் இவ்வாதத்தின் வலிமையைக் காட்டுகின்றன. 1990/91 ஆம் ஆண்டு ஆய்வில் கிராமத்து வறுமை 29.5 சதவீதமாகவும் தோட்டத்து வறுமை 20.5 சதவீதமாகவும் கணிக்கப்பட்டன. அந்த இரு சலாகைகளையும் கண்டவர், தோட்ட மக்கள் கிராமத்தாரினும் நன்கு வாழ்ந்தனர் என்றே எண்ணியிருப்பர். செலவை அளக்கும் கோட்டுக்கு மேலே ஒருவர் நிற்பதற்கு ஒழுங்கான நாட்கூலி போதும். அவருக்குக் காணி உண்டா, வீடு அவருடையதா, பிள்ளைக்கு ஒழுங்கான பாடசாலை உண்டா என்று அக்கோடு கேட்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் எச்சத்தினர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. 1990 இல் பிரசாவுரிமையற்று நின்றவரின் இழப்பை எந்த ரூபாச் சலாகை காட்டும்? சில ஆண்டுகளில், 1995/96 ஆய்வில், தோட்டத்துச் சலாகை 38.4 ஆக உயர்ந்து கிராமத்தின் 30.9 ஐக் கடந்துவிட்டது. ஒழுங்கான கூலி மட்டுமே தாங்கி நின்ற உயரம் எத்துணை உறுதியற்றது என்பதை இது உணர்த்துகின்றது.

மற்றொரு சான்று. 2016 ஆம் ஆண்டில் தோட்டத்துறையின் வறுமை 8.8 சதவீதம் எனக் கண்டோம். அதே ஆண்டில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வு, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் மூவருக்கு ஒருவர் என்னுமளவில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தமையைக் காட்டிற்று. நாடு முழுவதற்குமான வீதம் 17 சதவீதம். ஒரே மக்கள், ஒரே ஆண்டு, இரண்டு அளவைகள். பணத்தால் அளந்தபோது பத்தில் ஒருவர்கூட வறியர் அல்லர். பிள்ளையின் உடலால் அளந்தபோது மூன்றில் ஒருவர் வறியர். எந்த அளவையைத் தெரிகின்றோமோ அதுவே நம் நீதியுணர்வின் அளவு. அத்தெரிவைக் கணினியின் தலையிற் சுமத்துதல் முடியாது.

ஓர் ஆட்சேபம்

மனிதத் துயரை அளந்து நிறுத்துவதே இழிவு. ஒவ்வொரு வாழ்வும் ஒப்பற்றது என்று சிலர் ஆட்சேபிப்பர். இக்கூற்றில் உண்மையுண்டு. அளக்கப்படுதல் என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நாள் வேலைக்கு வழங்கும் சொல்லே 'பெயர்' என்பது. குறித்த நிறை கொழுந்து பறிக்காதவளுக்கு 'அரைப்பெயர்' விழும். மனிதரின் பெயரே அளவையாகி, அதுவும் பாதியாக வெட்டப்படும் வழக்கை அறிந்தவர், தம்மை மேலும் ஒருமுறை சலாகையாக்குவதை ஐயுறுதல் இயல்பே. 'தோட்டம்' என்னும் நிர்வாகப் பிரிவு நாளடைவில் பிறப்படையாளமாகத் திரிந்து, மூன்றாவது சலாகை என்றாலே மலையகத் தமிழர் என்று எண்ணும் நிலையும் உண்டு. அவர்களுட் பலர் தோட்டத்துக்கு வெளியே வாழ்கின்றனர். தோட்டத்துறையினர் யாவரும் அவர்கள் அல்லர்.

ஆயினும் ஒப்பீட்டை அறவே மறுப்பதும் வழியாகாது. அநீதி என்பது உறவைக் குறிக்கும் சொல். ஒருவர் எதனை இழந்துள்ளார் என்பது, மற்றவர் எதனைப் பெற்றுள்ளார் என்பதன் அருகே வைத்தபோதே தெரியவரும். தனித்து விடப்பட்ட துயர் விதியென்றே பொருள்படும். அருகே நிறுத்தப்பட்ட துயர் காரணத்தைக் கேட்கும். 'பெயர்' பதியும் ஏட்டுக்கும் ஆய்வின் சலாகைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே அமைகின்றது. முன்னையது அளக்கப்பட்டவரிடமிருந்து வேலையைப் பெறுதற்கு எழுந்தது; பின்னையது அளக்கப்பட்டவரின் சார்பில் பிறரைக் கேள்வி கேட்கவும் பயன்படக்கூடியது. அவ்வாறு பயன்படுகின்றதா என்பது வரைபவரைப் பொறுத்தது.

முடிவாக

ஆகவே, மனிதக் குழுக்களை அருகருகே நிறுத்துபவர் சில கடமைகளுக்கு உட்பட்டவராகின்றார். இரு சலாகைகளும் ஒரே வினாவின் விடைகளே என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். வினா மாறியிருப்பின் வரைபுகளைப் பிரித்து வைத்தலோ, மாற்றத்தை வரைபின் முகத்திலேயே எழுதுதலோ வேண்டும். ஒவ்வொரு சலாகைக்குள்ளும் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பதைக் கூறுதல் வேண்டும். உயரத்தோடு தொகையையும் காட்டுதல் வேண்டும். பல அளவைகளுள் ஏன் இவ்வளவையைத் தெரிந்தோம் என்பதற்கு நியாயம் தருதல் வேண்டும். நடுவுநிலைமையைப் பேச வந்த வள்ளுவர் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்கியதை நாம் அறிவோம். பொருளை ஏற்றுமுன் கோல் தான் சமனாக நிற்றல் வேண்டும் என்பதே அவ்வுவமையின் உட்கிடை. வரைபின் அச்சுக்கும் அளவிடைக்கும் அது முற்றும் பொருந்தும்.

நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோருட் பலர் நாளை திணைக்களங்களிலும் பத்திரிகைகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் இத்தகைய வரைபுகளை வரையப்போகின்றவர்கள். அவ்வரைபுகளைக் கொண்டு கூலி தீர்மானிக்கப்படும், நிவாரணம் பங்கிடப்படும், பாடசாலைக்கு ஆசிரியர் தொகை ஒதுக்கப்படும். 'அருகருகே' என்பதற்கு எதிரே 'உண்மை' என எழுதும் ஒவ்வொரு முறையும், அது கணினிக்கு இடும் கட்டளை மட்டுமன்று, வாசிப்பவர்க்கு நாம் அளிக்கும் சாட்சியமும் ஆகும் என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.